வெண்பனி நகரில் துவிச்சக்கரவண்டி

துவிச்சக்கரவண்டி மிகுதியாக ஓடும் நகரம் யாதென வினவின், கோப்பன்ஹேகன் என்பார் சிலர். அம்ஸ்டர்டாம் என்பார் வேறு சிலர். இரண்டும் தகுந்த விடைகளே. ஆயினும் அவ்விரு நகரங்களிலும் குளிர்காலம் பெரும்பாலும் மழையும் காற்றுமாகவே கழியும். வெண்பனி விழுந்தாலும் நெடுநாள் தங்குவதில்லை. ஆண்டில் ஏறத்தாழ ஐந்து மாதம் நிலம் வெண்பனியால் மூடப்பட்டுக் கிடக்க, மார்கழி மாதத்தில் நான்கு மணி நேரப் பகலேனும் இல்லாத ஒரு நகரத்திலே, மக்கள் நாள்தோறும் சைக்கிளில் ஏறிப் பள்ளிக்கும் பணிமனைக்கும் கடைக்கும் செல்கின்றனர் என்றால், அஃது எவ்வாறு இயலுகின்றது என ஆராய்தல் தகும். அந்நகரம் பின்லாந்து நாட்டின் வடபாலுள்ள ஔலு.

இப்பொருள் நம்மவர்க்கு முற்றும் அயலானதன்று. இம்மலரைக் கையில் எடுப்போரிற் பெரும்பாலோர் சைக்கிளிற் கல்லூரிக்கு வந்து, சைக்கிட் கொட்டிலில் இடம் தேடித் திரிந்தவரே. அவருட் பலர் இன்று நோர்வேயிலும் கனடாவிலும் வாழ்கின்றனர். யாழ்ப்பாணத்திலே சோளகக் காற்றை எதிர்த்து மிதித்த கால்கள் ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் ஐப்பசி பிறந்ததும் ஓய்ந்துவிடுவதைக் காண்கின்றோம். "இந்தக் குளிருக்குச் சைக்கிள் ஏது?" என்பதே அவர்கள் கூறும் காரணம். ஔலு நகரின் நடைமுறையை நோக்கினால் அக்காரணம் பாதியே உண்மை என்பது புலனாகும்.

ஔலு 1605ஆம் ஆண்டிலே சுவீடன் மன்னன் ஒன்பதாம் கார்ல் நிறுவிய பட்டினம். அதே பெயருடைய ஆறு பொத்னியாக் குடாவிற் கலக்குமிடத்தில், 65 பாகை வட அகலக்கோட்டில் அமைந்துள்ளது. ஆர்க்டிக் வட்டம் அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தொலைவிலேதான் உளது. மரக்கலங்கள் கடலை ஆண்ட காலத்தில், பைன் மரத்திலிருந்து வடித்த தாரை உலகெங்கும் அனுப்பிச் செல்வம் ஈட்டிய துறைமுகம் இது. 1958ஆம் ஆண்டிலே பல்கலைக்கழகம் ஒன்று எழுந்தது; பின்னர்த் தொலைபேசித் தொழில் வளர்ந்தது. இன்று இங்கு வாழ்வோர் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

நிலத்தின் இயல்பை முதலிற் கூறவேண்டும். பனியூழிக் காலத்திலே மிகப் பெரும் பனிப்பாளம் ஒன்று அந்நாட்டை அழுத்திக் கிடந்தது. அது உருகி அகன்றபின், அழுந்தியிருந்த நிலம் மெல்ல மெல்ல மேலெழுந்து வருகின்றது. ஔலுவை அடுத்த கரையில் அவ்வெழுச்சி ஆண்டொன்றுக்கு ஏழெட்டு மில்லிமீற்றர் அளவினது. எனவே நகரின் பெரும்பகுதி முன்னொரு காலத்தில் கடலின் அடித்தளமாய்க் கிடந்த நிலமேயாம். மேடு பள்ளம் மிகக் குறைவு. மலையென்று சொல்ல ஒரு திடலும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்தவர்க்கு இவ்வாய்ப்பின் அருமையை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் தட்டையான நிலமும் கடுங்குளிரும் உடைய நகரங்கள் வட உலகில் வேறும் பல உள. அவற்றிற் பெரும்பாலானவற்றில் வெண்பனி விழுந்ததும் சைக்கிள்கள் உள்ளே போய்விடுகின்றன. ஆதலால் நிலம் மட்டும் காரணமாகாது.

1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே ஔலுவின் நகராட்சி, நடப்போர்க்கும் சைக்கிளிற் செல்வோர்க்கும் தனிப் பாதைகளை வகுக்கத் தொடங்கிற்று. அக்காலத்திலே ஐரோப்பிய நகரங்கள் பலவும் மோட்டார் வண்டிக்கு வீதியை அகலிப்பதிலேயே கருத்தாய் இருந்தன. ஔலுவும் மோட்டார் வண்டியை வெறுத்த நகரமன்று. பெரு நெடுஞ்சாலை ஒன்று அதனை ஊடறுத்தே செல்கின்றது. ஆனால் புதிய குடியிருப்பு ஒன்று எழும்போதெல்லாம் அதனோடு சேர்த்தே சைக்கிட் பாதையையும் இட்டனர். காடு, பூங்கா, ஆற்றங்கரை ஆகியவற்றினூடாக அப்பாதை நேரே செல்லும். மோட்டார் வண்டியோ சுற்றிக்கொண்டு போகவேண்டும். பெருவீதியைக் கடக்கும் இடங்களிற் பாதை நிலத்தின் கீழாகச் செல்லும். இத்தகைய கீழ்வழிகள் முந்நூற்றுக்கு மேல் உள என்பர். பாதைகளின் மொத்த நீளம் இன்று 900 கிலோமீற்றரைக் கடந்துவிட்டது. அதாவது நகரத்தில் வாழும் ஒவ்வொருவர்க்கும் நான்கு மீற்றருக்கு மேல். பெரும்பகுதிக்கு மின்விளக்கும் உண்டு.

இதன் பயன் யாது? ஆண்டு முழுவதையும் சேர்த்து நோக்கின், நகரத்தார் மேற்கொள்ளும் பயணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று சைக்கிளில் நிகழ்கின்றது. குளிர்காலத்தை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் அது நூற்றுக்குப் பன்னிரண்டு அளவினதாகக் குறைகின்றது. குறைகின்றதே என்று கருதுவோர் உளர். எனினும் கோடையிற்கூட நூற்றுக்கு இரண்டு மூன்றைத் தாண்டாத பெருநகரங்கள் எத்தனையோ உள்ளன; அவற்றை நினைத்தால் இத்தொகையின் பெருமை விளங்கும். 2013ஆம் ஆண்டு மாசி மாதத்திலே குளிர்காலச் சைக்கிளோட்டம் பற்றிய முதலாவது அனைத்துலக மாநாடு இந்நகரிலேயே கூடிற்று. அடுத்த ஆண்டு அது கனடாவின் வினிப்பெக் நகருக்குச் சென்றது. பின்னர் நெதர்லாந்து, ஐக்கிய அமெரிக்கா, உருசியா எனப் பல நாடுகளிலும் நடைபெற்றது.

இனிப் பருவங்களை நோக்குவாம். ஔலுவிற் சைக்கிளின் ஆண்டு ஆவணி நடுவில், பள்ளிக்கூடம் திறக்கும் நாளிலேயே தொடங்குகின்றது எனல் பொருந்தும். பின்லாந்திற் பிள்ளைகள் ஏழு வயதிற் பள்ளி புகுவர். வீட்டுக்கும் பள்ளிக்கும் ஐந்து கிலோமீற்றருக்கு மேலிருந்தால் அரசு செலவில் வாகனம் உண்டு. அதற்கு உட்பட்ட தூரம் பிள்ளையின் சொந்தப் பொறுப்பு. எனவே சிறுவர் ஆவணியிலே வழி பழகுகின்றனர். புரட்டாதியிற் பூர்ச்ச மரங்கள் மஞ்சளாகி இலையுதிர்க்கும். நனைந்த இலை படிந்த வளைவில் சில்லு சறுக்கும் என்பதைப் பிள்ளைகள் ஒருமுறை விழுந்தே கற்றுக்கொள்வர்.

ஆண்டிற் கொடிய மாதம் எதுவென வெளியாரைக் கேட்டால் தை என்பர். அந்நகரத்தார் கார்த்திகை என்பர். குளிர் அப்போது பெரிதன்று, இருளே பெரிது. சூரியன் காலை ஒன்பது மணியளவில் எழுந்து மாலை மூன்றரைக்கு முன்பின்னாக மறைகின்றான். வெண்பனி இன்னும் நிலைக்கவில்லை. ஈரத்தாற் கறுத்த வீதி, விளக்கொளியையும் விழுங்கிவிடுகின்றது. இதனாலேதான் அந்நாட்டுச் சட்டம் சைக்கிளுக்கு முன்விளக்கை வற்புறுத்துகின்றது. 2020ஆம் ஆண்டு ஆனி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த புதிய வீதிச் சட்டம் பின்புறச் சிவப்பு விளக்கையும் கட்டாயமாக்கிற்று. நடந்து செல்வோரும் இருளில் ஒளிதெறிக்கும் சிறு தகடொன்றைச் சட்டையில் தொங்கவிட்டே செல்வர். நம்மூரில் டைனமோ பழுதான இரவிற் கைவிளக்கைப் பல்லிற் கடித்துக்கொண்டு ஓட்டியவர்க்கு இக்கட்டுப்பாடு சற்று மிகையாகத் தோன்றலாம்.

வெண்பனி விழுந்து தங்கியதும் நிலைமை திருந்துகின்றது. நிலம் வெண்மையாகிச் சிறு ஒளியையும் திருப்பித் தருகின்றது, நகரம் வெளிச்சமாகிவிடுகின்றது. மார்கழி இருபத்தோராந் திகதியளவிற் பகல் மூன்றரை மணி நேரமே. காலை எட்டு மணிக்குப் பள்ளி செல்லும் பிள்ளை இருளிலே போய், பிற்பகலில் இருளிலே திரும்புகின்றது. தை மாதத்துச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் ஏறத்தாழ 10 பாகை. இருபதுக்குக் கீழே இறங்கும் நாள்களும் ஆண்டுதோறும் வருவனவே.

தமிழிலே புல்லின் மேற் படிவதும், விடியலில் மூடுவதும், இமயத்தில் உறைவதும் யாவும் பனியே. ஔலுவில் வாழ்வோர்க்கு அஃது ஒரு சொல்லுக்குள் அடங்காது. விழுந்த வெண்பனி காலாலும் சில்லாலும் மிதியுண்டு இறுகி, வீதியின்மேல் ஒரு புதிய தளமாகிவிடும். அதனைப் 'பொலன்னெ' என்பர். உருகியும் உருகாமலும் குழம்பாய்க் கிடப்பதைச் 'சொஹ்யொ' என்பர். ஔலுவின் சைக்கிளோட்டம் முழுவதும் இவ்விரு சொற்களுக்கு இடையிலேதான் நிகழ்கின்றது. முன்னது நண்பன், பின்னது பகைவன்.

பொலன்னெ எவ்வாறு நண்பனாகின்றது என்பதைச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். வெண்பனியின் பளிங்குத் துகள்களைக் குளிரில் அழுத்தினால் அவை ஒன்றோடொன்று தொடுமிடங்களில் ஒட்டி இணைகின்றன. சில மணி நேரத்திற் சுண்ணக்கட்டி போன்று உறுதியடைகின்றன. இத்தளத்தை முற்றாகச் சுரண்டி எடுக்க ஔலு முயல்வதில்லை. மேலே புதிதாய் விழுந்த தளர்ந்த பனியை மட்டும் தள்ளுபொறி ஒதுக்குகின்றது. அப்பொறியின் அலகிலே பல் வெட்டியிருப்பதால், அது செல்லும் வழியெங்கும் சீப்பினால் வாரியது போன்ற நுண்ணிய வரிகள் பதிகின்றன. ரயர் அவ்வரிகளைப் பற்றிக்கொள்கின்றது. வேண்டுமிடங்களில் உடைத்த சிறு கற்றுகள் தூவுகின்றனர். இவ்வாறு அமைந்த தளத்தில், கடுங்குளிர் நாளிலே, வழக்கமான ரயருடனேயே பலர் அச்சமின்றி ஓட்டுகின்றனர். ஆணி பதித்த ரயர் பூட்டுவோரும் உளர். அவர்கள் செல்லும்போது எண்ணெயிற் கடுகு வெடிப்பது போன்றதோர் ஓசை கேட்கும்.

குளிர் கூடக் கூட வழுக்கலும் கூடும் என்பது வெப்ப நாட்டார் பலரது எண்ணம். உண்மை வேறு. பனிக்கட்டி உறைநிலைக்கு அண்மையிலிருக்கும்போது அதன் மேற்பரப்பிலே மெல்லிய நீர்ப்படலம் உண்டாகின்றது. அப்போதே அது மிக வழுக்கும். உறைநிலைக்குக் கீழ் இருபது பாகையிலோ மேற்பரப்பு உலர்ந்து சொரசொரப்பாகின்றது. காலடியில் வெண்பனி கிறீச்சிடும். ஆகவே, காணும் நமக்கு நடுக்கந் தரும் நாளே சைக்கிளுக்கு உவந்த நாள். வெயில் எட்டிப்பார்க்கும் இளஞ்சூட்டு நாளே எலும்பு முறியும் நாள்.

உப்பு ஏன் தூவுவதில்லை என்று கேட்கலாம். உப்பு பனியை உருக்குவது மெய். ஆயினும் உறைநிலைக்குக் கீழ் ஆறேழு பாகையைத் தாண்டியதும் அதன் வலிமை குன்றுகின்றது. பின்னும் தூவினால் பாதி உருகிய குழம்பே மிஞ்சும். அது மீண்டும் உறைந்து கரடுமுரடான கட்டியாகும். சங்கிலியையும் பிரேக்குக் கம்பியையும் உப்பு அரித்துவிடும் என்பது வேறு. கோப்பன்ஹேகன் உறைநிலையை ஒட்டியே குளிர்காலத்தைக் கழிக்கும் நகரமாதலால், அங்கு உப்பு நன்கு பயன்படுகின்றது. ஔலுவுக்கு அது பொருந்துவதில்லை.

இத்தனைக்கும் மேலாக ஒரு செய்தி உண்டு. இரவிற் பனி விழுந்தால், முதன்மையான சைக்கிட் பாதைகள் காலை ஏழு மணிக்கு முன் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ஔலுவின் நியதி. அதற்காகப் பொறியோட்டிகள் நள்ளிரவு கழிந்ததும் புறப்படுகின்றனர். என் கருத்திலே, ஔலுவுக்கும் ஏனைய குளிர் நகரங்களுக்கும் உள்ள பெரு வேற்றுமை இதுவே. மக்கள் உடல் வலிமையிலோ மனவுறுதியிலோ ஔலுவார் தனிப்பிறவிகள் அல்லர். காலையிற் கதவைத் திறக்கும்போது பாதை சீராயிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும், அவ்வளவே. பத்து நாளில் ஒன்பது நாள் பாதை நன்றாயிருந்து ஒரு நாள் முழங்காலளவு பனி கிடந்தால், அந்த ஒரு நாளின் அச்சத்தாலேயே தாய் தன் பிள்ளையை மோட்டார் வண்டியில் ஏற்றிவிடுவாள், மறுநாளும் ஏற்றுவாள். ரொறன்ரோவில் வாழும் நம்மவரைக் குறை கூறுமுன் இதனை நினைத்தல் நலம்.

அப்பிள்ளைகளைப் பற்றியே ஒரு செய்தி 2018ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிற்று. ஔலுவின் புறநகர்களில் ஒன்றான மெத்சோகங்காசிலே ஏறத்தாழ 1,200 பிள்ளைகள் பயிலும் பள்ளிக்கூடம் ஒன்றுளது. உறைநிலைக்குக் கீழ் 17 பாகையாய் இருந்த ஒரு காலையில் அவர்களுள் ஆயிரம் பேரளவினர் சைக்கிளிலேயே வந்திருந்தனர். வெண்பனியிடையே வரிசை வரிசையாய் நின்ற சைக்கிள்களின் படத்தைக் கண்டு பிறநாட்டார் வியந்தனர். ஔலுவார், இதில் வியக்க என்ன உளது என வியந்தனர். எட்டு வயதுப் பிள்ளை, எவரும் கொண்டுபோய் விடாமல், இருளிலும் குளிரிலும் தானே பள்ளிக்குப் போய்த் தானே மீள்கின்றது. கீழ்வழிகளும் ஏழு மணி நியதியும் அப்பிள்ளைக்குத் தந்த தன்னாண்மை அது. பெற்றோர் வாகனங்கள் பள்ளி வாயிலில் முண்டியடிக்கும் காட்சியை இன்று நம் நகரங்களிற் காண்போர் இதனைத் தம்முள் ஒப்பிட்டுக்கொள்வாராக.

உடலைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் சில கூறுவாம். ஓய்ந்திருக்கும் உடல் உண்டாக்கும் வெப்பத்தைப் போல நான்கைந்து மடங்கினைச் சைக்கிள் மிதிக்கும் உடல் உண்டாக்குகின்றது. ஆதலாற் புறப்படும்போது சற்றுக் குளிர்வதே சரியான உடை என்பர் அனுபவம் உடையோர். மிகையாய் உடுத்தவர் வழியில் வியர்த்து, நின்றதும் நடுங்குவர். பத்துப் பாகைக் குளிரில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திற் சென்றால், முகத்திற்படும் காற்று பதினெட்டுப் பாகைக் குளிராய் உறைக்கும். அதனால் உடற்பகுதியிலும் விரல், காது, கன்னம் ஆகியவற்றிற்கே காப்பு மிகுதியும் வேண்டும். கைப்பிடியின் மேலேயே தடித்த உறைகளைப் பூட்டிவைத்து, உள்ளே கையை நுழைத்து ஓட்டுவார் பலர். கண்ணிமை மயிரில் வெண்துகள் படிவதைப் பொருட்படுத்துவார் இலர்.

வண்டியோ நுட்பமான நோய்கள் பலவற்றுக்கு ஆளாகின்றது. பின்சில்லின் பிறீவீலுக்குள் இருக்கும் சிறு கொக்கிகள், கிறீஸ் இறுகிவிட்டால் பற்களிற் சிக்கமாட்டா; மிதிப்பவர் மிதிக்கச் சில்லுச் சுழலாது நிற்கும். வெளியே நின்ற வண்டியைச் சூடான வீட்டினுட் கொணர்ந்தால் அதன்மேல் ஈரம் படிகின்றது. மறுபடி வெளியே கொண்டுபோனதும் அவ்வீரம் பிரேக்குக் கம்பியின் உறைக்குள் உறைந்து பிடித்துக்கொள்ளும். ஆகையால் வண்டியைக் குளிரிலேயே விட்டுவிடுதல் நன்று. செல்லமாய் வளர்த்தலே தீங்கு. சில்லின் விளிம்பைக் கவ்வும் பிரேக் பனி படிந்தாற் பயன்படாது. மிதியைப் பின்னோக்கி அழுத்தினாற் பிடிக்கும் பழைய வகைப் பிரேக் அந்நாட்டில் இன்றும் பெருவழக்காயிருத்தற்கு இதுவும் ஒரு காரணம். அதன் உறுப்புகள் யாவும் சில்லின் குடத்தினுள்ளே அடங்கியுள்ளன. ரயரிலுள்ள காற்றும் பௌதிகப் பாடத்திற் படித்த விதிக்கு அடங்குகின்றது. 20 பாகை வெப்பமுள்ள அறையில் அடித்த காற்று, உறைநிலைக்குக் கீழ் 20 பாகைக்கு இறங்கும்போது அதன் முழு அமுக்கத்தில் ஏழிலொரு பங்கினை இழக்கின்றது. மென்மையான ரயர் பனியிற் பரந்து பற்றுமாதலால் இவ்விழப்பை எவரும் பெரிதாய்க் கவலுவதில்லை.

சைக்கிளை விட்ட முதியோர்க்கு இன்னுமொரு வாகனம் உண்டு. நாற்காலி ஒன்றின் அடியில் நீண்ட இரண்டு இரும்புப் பட்டங்களைப் பூட்டியது போன்ற தள்ளுசறுக்கி அது. பின்னே நின்று ஒரு காலால் உந்திச் செல்வர். முன்னேயுள்ள இருக்கையிற் கடைச் சாமான்கள் அமர்ந்திருக்கும்.

பங்குனி பிறந்ததும் வெயில் ஏறுகின்றது. நாளொன்றுக்கு ஆறேழு நிமிடம் எனப் பகல் நீள்கின்றது. கவிஞர் இப்பருவத்தைப் பாடலாம். சைக்கிளோட்டிக்கு இது சோதனைக் காலம். பகலில் உருகிய நீர் பாதையிற் பரவி இரவில் கண்ணாடியாய் உறைகின்றது. முந்நூறு கீழ்வழிகளும், தாழ்ந்த இடமாதலின், நீரை வாங்கித் தேக்குகின்றன. சித்திரையில் வெண்பனி முற்றும் நீங்கியபின், ஐந்து மாதமாகத் தூவிய கற்றுகள் யாவும் உலர்ந்த வீதியில் எஞ்சிக் கிடக்கின்றன. உடைத்த கருங்கல்லின் கூர்முனை ரயரைத் துளைக்கும்; ஒட்டுப் போடுவோர்க்கு அறுவடைக் காலம். மோட்டார் வண்டிகளின் ஆணி ரயர்கள் அரைத்த தூளும் அதனுடன் சேர்ந்து காற்றில் எழுகின்றது. இழுப்பு நோயுடையோர் சில வாரம் சைக்கிளை விட்டிருப்பதும் உண்டு. தூற்றும் நீரும் கொண்ட பொறிகள் பாதை பாதையாய்க் கூட்டிவர, வைகாசித் தொடக்கமாகிவிடும்.

கோடையைப் பற்றிச் சொல்ல மிகுதியாய் ஒன்றுமில்லை. ஆனியிற் பகல் இருபத்திரண்டு மணி நேரம். விளக்கு வேண்டா, கையுறை வேண்டா. நள்ளிரவிலும் செவ்வொளி மாறாத வானின் கீழ் நல்லிக்கரி மணற்கரைக்குக் குடும்பம் குடும்பமாய்ச் சைக்கிளிற் செல்வர். கொசு மட்டும் கடிக்கும். பள்ளிகள் இரண்டரை மாதம் மூடியிருக்கும். எந்நகரத்திலும் எளிதாய் நிகழும் சைக்கிளோட்டம் அது.

ஔலுவின் நடைமுறை என்றும் இவ்வாறே நிலைக்கும் என்று கூறுவதற்கில்லை. 2013ஆம் ஆண்டிலே அயலிலிருந்த நான்கு உள்ளூராட்சிப் பகுதிகள் நகரத்துடன் இணைக்கப்பட்டன. வீடுகள் தொலைவிலே எழுந்தன. தொலைவு மிக மிக மோட்டார் வண்டியின் கை ஓங்குகின்றது. நகரத்தாரின் பயணங்களிற் பாதிக்கு மேல் இன்றும் மோட்டார் வண்டியிலேயே நிகழ்கின்றன. மின்கலம் பூட்டிய சைக்கிள்கள் தொலைவைச் சுருக்க உதவுகின்றன. ஆயினும் கடுங்குளிரில் மின்கலத்தின் ஆற்றல் குன்றிவிடுவதால், பலர் அதனைக் கழற்றி வீட்டினுள் வைத்துப் புறப்படும்போதே பூட்டுகின்றனர்.

இதனினும் பெரிய இடர் வானிலிருந்து வருகின்றது. உலகம் வெப்பமடைந்து வரும் வேகத்திலும் விரைவாகப் பின்லாந்து வெப்பமடைந்து வருகின்றது. குளிர் குறைவது சைக்கிளோட்டிக்கு நன்மையே என எண்ணத் தோன்றும். மேலே கூறியவற்றைக் கருதினால் அவ்வெண்ணம் நில்லாது. பொலன்னெ நிலைத்திருப்பது நிலையான குளிரை நம்பியே. தை மாதத்தில் ஒரு நாள் வெப்பம் உறைநிலையைத் தாண்டி மழை பெய்யுமாயின், இறுகிய தளம் இளகிக் குழம்பாகின்றது. சில்லுகள் அதனை உழுது பள்ளமாக்குகின்றன. தூவிய கற்கள் அடியில் அமிழ்ந்துபோகின்றன. அன்றிரவே குளிர் மீண்டால், அப்பள்ளங்கள் கல்லாய் உறைந்து, மேலே கண்ணாடித் தகடு படிகின்றது. மறுநாட் காலையில் அதன்மேல் ஓட்டுவோர்க்கும் நடப்போர்க்கும் ஒருங்கே இடர். இதனைத் தவிர்க்க ஒரே வழி, வெப்பம் வருமுன்னரே தளத்தைச் செதுக்கித் தடிப்பைக் குறைத்துவிடுதல். காலம் பிந்தினால் வேலை பன்மடங்காகும். முந்தினால், வராத வெப்பத்திற்காக நல்ல தளத்தை அழித்ததாகும்.

தென்பாலுள்ள ஹெல்சிங்கி நகரில் முதன்மையான சில பாதைகளிலே, பனியைத் தூரிகையால் அடியோடு கூட்டி உப்புநீர் தெளிக்கும் முறையைக் கைக்கொண்டுள்ளனர். ஸ்டொக்ஹோமிலும் அம்முறை உண்டு. உறைநிலையை ஒட்டிய குளிருக்கு அது தக்கதே. ஔலுவின் குளிர்காலமோ இப்போது இரண்டுங் கலந்ததாகி வருகின்றது. ஒரு வாரம் இருபது பாகைக் குளிர், மறுவாரம் மழை. ஒரு முறை பொருந்தும் நாளில் மற்றையது பொருந்தாது. ஆகவே தை மாத இரவுகளில், நாளை வெப்பம் ஏறுமோ இறங்குமோ என்று வானிலை அறிக்கையை நோக்கி, எந்த அலகைப் பூட்டுவது என முடிவு செய்துகொண்டே பொறியோட்டி புறப்படுகின்றான். ஏழு மணிக்கு முன் அவன் முடித்தாக வேண்டும்.